சாமிக்கு மனை யார் தருவது?

போர்ட் பிளேரின் மின்னி பேயில் என் வீடு நிற்கும் மண் என்னுடையது இல்லை. இதைச் சொன்னால் மெயின்லேண்டிலிருந்து வரும் உறவினர்கள் திகைத்துப் போகிறார்கள். அங்கே பட்டா கையில் இருந்தால் நிலம் சொந்தம். அந்தமானில் அப்படிக் கிடையாது. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டம் இந்தத் தீவுகளின் எல்லா நிலமும் அரசுக்கே உரியது என்கிறது. நாங்கள் பத்திரமாக வைத்திருக்கும் ‘ஃபார்ம் எஃப்’ காகிதம், அந்த மண்ணில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் எங்களுக்கு என்ன உரிமை என்று காட்டும் பதிவு, அவ்வளவுதான். அந்தமான் நிக்கோபாரின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 87 விழுக்காடு அரசுப் பதிவில் காடு. மிச்சம் இருப்பதில்தான் வீடு, வயல், பள்ளிக்கூடம், கடற்படைக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம். கோயிலும் மசூதியும் சர்ச்சும் இடுகாடும் அதற்குள்ளேதான் இடம் பிடிக்க வேண்டும்.

மத சுதந்திரம் என்றதும் நம்மவர்கள் மனசைப் பற்றியே பேசுகிறார்கள். யார் எதை நம்பலாம், யார் எந்த மதத்துக்கு மாறலாம் என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது. இங்கே வாழ்ந்து நான் கண்டது வேறு. எண்ணிக்கையில் சிறிய மதத்தாருக்கு முதல் கஷ்டம் மண்ணில்தான் வருகிறது. கூடி உட்கார ஒரு கூரை வேண்டும், செத்தவரைப் புதைக்க ஆறடி வேண்டும். அந்த இரண்டும் யாரோ ஒருவர் மேஜையில் கிடக்கும் ஃபைலை நம்பியிருந்தால், மனசுக்குள் இருக்கும் சுதந்திரம் வீட்டு வாசலைத் தாண்டாது.

எங்கள் வீட்டுக்குச் சில வீடு தள்ளி ஒரு பெந்தகோஸ்தே சபை கூடுகிறது. ஒரு குடும்பத்தின் முன்ஹால்தான் சபை. சனிக்கிழமை ராத்திரியே சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைப்பார்கள். ஞாயிறு காலை தமிழில் ஓர் ஆராதனை, அது முடிந்ததும் இந்தியில் ஒன்று. இந்தி ஆராதனைக்கு ராஞ்சிக்காரர்களும் நிக்கோபாரிகளும் வருவார்கள். மழைக் காலத்தில் அவர்கள் விரித்துப் போடும் குடைகள் பக்கத்து வீட்டுத் திண்ணைகள் வரைக்கும் வந்துவிடும். அந்த வீட்டு அக்காவுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். ஒருநாள் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

“டீச்சர், நாங்க பாடுறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா? உண்மையைச் சொல்லுங்க.”

“எனக்கு ஒரு தொந்தரவும் இல்லக்கா. யாரு சொன்னா?”

“யாரோ எழுதிப் போட்டுருக்காங்க. கூப்பிட்டு விசாரிச்சாங்க. வீட்டுல ஜெபம் பண்ண யார்கிட்ட பர்மிஷன் வாங்குனீங்கன்னு கேக்குறாங்க. நாங்க இடம் குடுங்கன்னு மனுப் போட்டு எத்தன வருஷம் ஆச்சு, அதுக்கு ஒரு பதிலும் இல்ல.”

இதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் கூடினால் அனுமதி எங்கே என்று கேட்கிறார்கள். தனி இடம் கேட்டால் நிலம் எங்கே இருக்கிறது என்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவே ஒரு சபை எங்கே போய் உட்காரும்?

இந்த ஊரில் எந்தச் சாமியும் தானாக முளைக்கவில்லை. கப்பலில் வந்தவர்களோடு வந்த சாமிகள்தான் எல்லாம். 1858 மார்ச்சில் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். 1857 கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ராஸ் தீவில் ஆட்சியாளர்கள் தங்களுக்குக் கல்லில் ஒரு பிரஸ்பிடேரியன் சர்ச் எழுப்பிக்கொண்டார்கள். 2018-இல் அந்தத் தீவுக்கு நேதாஜியின் பெயர் வந்துவிட்டது. கூரை போய், சுவரில் மர வேர் பின்னிக்கிடக்கும் அந்தச் சர்ச்சைச் சுற்றுலா போனவர்கள் படம் பிடித்திருப்பார்கள். ஆண்டவர்களுக்குச் சர்ச் கிடைத்தது. அடைபட்டவர்களில் பெரிய மார்க்க அறிஞரான மௌலானா ஃபஸ்லே ஹக் கைராபாதி 1861-இல் இந்தத் தீவிலேயே காலமானார். சவுத் பாயின்ட்டில் அவருடைய மஜார் இருக்கிறது.

செல்லுலார் ஜெயில் 1906-இல் கட்டி முடிந்தது. அதற்குள் நடந்த ஒன்றை நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். முதல் உலகப் போர்க் காலத்தில், பர்மா சதி வழக்கில் தண்டிக்கப்பட்டு பஞ்சாபைச் சேர்ந்த ராம் ரக்ஷா என்பவர் வந்தார். சிறை விதி என்று அவருடைய பூணூலைக் கழற்றிவிட்டார்கள். பூணூல் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று உண்ணாவிரதம் இருந்தார். மூக்கு வழியே குழாய் விட்டு ஊட்டிப் பார்த்தார்கள். உடம்பு உருக்குலைந்து அந்தச் சிறையிலேயே உயிர் போனது. பூணூலைப் பற்றி எனக்குத் தனியாகக் கருத்து உண்டு, அதை வேறு இடத்தில் பேசுவேன். ஆனால் ஒரு மனுஷனின் உடம்பை ஆயுளுக்கும் அடைத்து வைத்த அரசு, அவன் தோளில் கிடந்த ஒரு நூலையும் விட்டு வைக்கவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ராஞ்சியின் கத்தோலிக்கத் தொழிலாளர் நிலையம் வழியாக 1918-இலிருந்து சோட்டாநாக்பூர் ஆதிவாசிகள் காடு வெட்ட வந்தார்கள். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் தெற்கு அந்தமானில் குடியேறி, ஊருக்கு மஞ்சேரி, திரூர், மலப்புரம் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்துப் பள்ளிவாசல்களைக் கட்டினார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கம் வந்து வெபி என்ற ஊரை அமைத்தார்கள். அவர்கள் பாப்டிஸ்டுகள். பர்மியக் கைதிகளின் பௌத்தம் ஃபோங்கி சௌங் பக்கம் ஒரு சின்ன ஸ்தூபியாக இன்றும் நிற்கிறது. இத்தனை பேருக்கும் பிழைப்புக்கு முதலாளி ஒருவர்தான், அரசு. சாமிக்கு இடம் வேண்டுமென்றாலும் அதே அரசிடம்தான் போக வேண்டியிருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் அந்தமான் நிக்கோபாரில் இந்துக்கள் ஏறத்தாழ 69 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 21, முஸ்லிம்கள் எட்டரை. சீக்கியர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு யார் பெரும்பான்மை, யார் சிறுபான்மை என்று முடிவு கட்டுவது எளிது. என்னால் அப்படி முடியவில்லை, ஏனென்றால் நான் வளர்ந்தது கார் நிக்கோபாரில். நிக்கோபார் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே கணக்கில் நூற்றுக்கு எழுபது பேர் கிறிஸ்தவர்கள். இந்துக்கள் கால்பங்கு, அவர்களும் பெரும்பாலும் வேலைக்கு வந்தவர்கள். கப்பல் ஏறி இறங்கும் இடத்தைப் பொறுத்து நான் பெரும்பான்மை ஆவேன், சிறுபான்மை ஆவேன்.

அப்பாவுக்கு அந்தமான் பொதுப்பணித் துறையான ஏ.பி.டபிள்யூ.டி.யில் வேலை. நாங்கள் மலாக்கா கிராமத்தை ஒட்டிக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே நிலம் நிக்கோபாரிகளுடையது. துஹெத் என்று அவர்கள் சொல்லும் பெரிய குடும்பங்கள் நிலத்தைப் பொதுவில் வைத்திருக்கும். வெளியார் யாரும் அதை வாங்க முடியாது. பழங்குடிகளைப் பாதுகாக்கும் 1956 ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு வேலி. இப்படிப்பட்ட ஊரில், ரோடு போட வந்த தமிழ் ஆட்களுக்குப் பிள்ளையார் வேண்டும் என்று ஆசை வந்தது. கொத்தனார் ஒருவர் மிச்ச சிமென்ட்டில் பிள்ளையார் செய்துவிட்டார். துதிக்கை கொஞ்சம் தடிமன், கண்ணுக்கு இரண்டு சோழி பதித்திருந்தார். வைக்க இடம்தான் இல்லை.

அப்பாவும் மற்றவர்களும் கிராமத்து கேப்டனிடம் போனார்கள். நிக்கோபார் கிராமங்களில் கேப்டன் என்றால் ஊர்த் தலைவர். நானும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் வீட்டுக் கீழே, தூண்களுக்கு நடுவில் உட்கார வைத்து எல்லோருக்கும் இளநீர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊர்ப் பெரியவர்களிடம் பேசிச் சொல்கிறேன் என்றார். சில நாள் கழித்து அவரே வந்து, ரோட்டோரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். தென்னை மரம் எதையும் வெட்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் நேரத்தில் மேளம் கூடாது, நீங்கள் ஊரைவிட்டுப் போனால் இடம் எங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று இந்தியில் சொன்னார். மூன்றும் நியாயமான நிபந்தனைகள். முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட நிபந்தனைகள். பழைய தகரத்தில் ஷெட் போட்டுப் பிள்ளையாரை உட்கார வைத்தோம். முதல் பொங்கலன்று கேப்டன் வீட்டிலிருந்து ஒரு வாழைத்தார் வந்தது.

அந்த ஊரில் கிறிஸ்தவம் வேர் பிடித்ததிலும் ஒரு தமிழரின் கை இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. அதற்கு முன்னும் முயற்சிகள் நடந்தன. தரங்கம்பாடியில் குடியேறியிருந்த மொரேவியச் சகோதரர்கள் 1768-இல் நன்கௌரிக்குப் போய், காய்ச்சலில் ஆட்களைப் பறிகொடுத்து, 1787-இல் கைவிட்டுத் திரும்பினார்கள். நூறாண்டுக்கும் மேல் கழிந்து, 1890-களில் வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வந்தார். அரசுக்கு ஏஜெண்டு, பள்ளிக்கூட வாத்தியார், உபதேசியார் எல்லாம் அவரே. அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவரை மேல்படிப்புக்கு மாண்டலேவுக்கு அனுப்பினார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். கார் நிக்கோபாரி மொழியில் புதிய ஏற்பாட்டைத் தந்தவர், 1952-இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர், பத்ம பூஷண் பெற்றவர். ஒரு தமிழருக்கு அந்தத் தீவு இடம் கொடுத்தது. எங்கள் பிள்ளையாருக்கும் அதே தீவுதான் இடம் கொடுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலாக்கா ஊரே போனது. ஷெட்டும் போனது, ஊர்ச் சர்ச்சும் போனது. நான் அப்போது போர்ட் பிளேருக்கு வந்துவிட்டிருந்தேன்.

போர்ட் பிளேர் என்றுதான் எனக்கு இன்னும் வாயில் வருகிறது. அரசு ஏட்டில் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். இந்த ஊரில் பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடுரோட்டில் போகிறோம். போலீஸ் வண்டிகளை நிறுத்தி வழிவிடுகிறது. அபர்டீன் பஜாரில் ஜாமா மசூதி இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ் பேராலயம் இருக்கிறது, 1984-இலிருந்து தனி மறைமாவட்டமும் இருக்கிறது. டாக்டர் திவான் சிங் பெயரில் குருத்வாரா இருக்கிறது. 1927-இல் இங்கே வந்த மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர். அந்தக் குருத்வாராவை எழுப்பியவர் அவர்தான். ஜப்பானியர் 1942-இல் தீவைப் பிடித்தபோது அவர்களுக்கு வளைந்துகொடுக்காத குற்றத்துக்காகச் செல்லுலார் ஜெயிலில் சித்திரவதைப்பட்டு 1944 ஜனவரி 14-இல் உயிர்விட்டார். ஆயிரத்துச் சொச்சம் சீக்கியர்களுக்கு ஊரின் நடுவில் ஒரு வாசல் இருக்கிறதென்றால், அதற்கு ஓர் உயிர் விலையாகப் போயிருக்கிறது.

ஆக, பழையவர்களுக்கும் பெரிய சபைகளுக்கும் இடம் உண்டு. தாமதமாக வந்தவர்கள், சிறிய சபையார், வாடகை வீட்டுக்காரர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லா மனிதருக்கும் தருகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. பொது ஒழுங்கு, ஒழுக்கம், ஆரோக்கியம் ஆகியவற்றுக்கு உட்பட்டது அந்த உரிமை. 26-ஆம் பிரிவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மதப் பிரிவுகள் வழிபாட்டு நிலையங்களை நிறுவி நடத்தலாம், சொத்து வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி நிர்வகிக்கலாம் என்கிறது அது. அதாவது இடத்துக்கான உரிமை சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. நிலம் வாங்க முடியாத தீவில் அந்த வரிக்கு உயிர் கொடுக்க வேண்டியது நிலத்தைக் கையில் வைத்திருக்கும் அரசுதான்.

வீட்டில் ஜெபம் செய்வது ஒன்று. வீட்டையே இடித்துக் கட்டிப் பிரார்த்தனைக் கூடமாக்குவது இன்னொன்று. இரண்டாவதற்குக் கட்டட விதிகள் உண்டு. தமிழ்நாட்டில் வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டர் அனுமதி கேட்கும் விதியே இருக்கிறது. பொது இடத்தில் யாரும் இஷ்டத்துக்குக் கட்டவும் முடியாது. சாலை, பூங்கா போன்ற பொது இடங்களில் கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா என்ற பெயரில் அனுமதியற்ற கட்டுமானம் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் அந்த உத்தரவை மனதார ஆதரிக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கல் அடுக்கி மஞ்சள் துணி கட்டுவது பக்தி ஆகாது. ஆனால் திருட்டுத்தனமாகக் கட்டாதே என்று சொல்லும் அரசு, நேர்வழியில் வருகிறவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும். மனுவைக் கட்டி வைத்துவிட்டு ஆக்கிரமிப்பைக் கண்டிப்பதில் நேர்மை இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகார்கள் பெரும்பாலும் அந்த ரூபத்தில்தான் வருகின்றன. சென்னை கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தகோஸ்தே சபையின் ஒலிபெருக்கியை எதிர்த்து அக்கம்பக்கத்தார் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்திக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று விதி இருக்கிறது. அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தியது ஒலியை. ஜெபத்தில் அது கை வைக்கவில்லை. அதே டெசிபல் எங்கள் ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும் பொருந்தும். கூம்பு ஒலிபெருக்கியில் விடியற்காலை பாட்டுப் போடும் நாங்கள், மின்விசிறிக்கு அடியில் பாடும் ஒரு ஹாலைப் பற்றிப் புகார் எழுதினால் அதில் பிரச்சினை சத்தம் இல்லை என்பது எழுதியவருக்கே தெரியும்.

பரப்பும் உரிமைக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கள் கண்ணெதிரே கடலில் இருக்கிறது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் வேதம் சொல்ல முயன்று கொல்லப்பட்டார். அவருக்காக நான் வருந்துகிறேன். ஆனால் அவர் அங்கே போயிருக்கவே கூடாது. வெளியாரின் சளிக்காய்ச்சலையும் அம்மையையும் தாங்கும் சக்தி அங்கே வாழும் பழங்குடிகளான சென்டினல் மக்களுக்கு இல்லை. ஆங்கிலேயர் வந்து சில தலைமுறைக்குள் கிரேட் அந்தமானியர்கள் ஆயிரக்கணக்கிலிருந்து சில பத்துப் பேராகக் குறைந்துபோனதை இந்தத் தீவு பார்த்திருக்கிறது. பரப்பும் உரிமை என்பது அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொன்னது. சென்டினல் மக்களுக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும். நம் கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்குப் பெயர் இல்லை. அவர்கள் கேட்கும் வழிபாட்டு உரிமை ஒன்றே ஒன்று, யாரும் கரையேற வேண்டாம் என்பது. அவர்களுக்குக் கடல் வேலியையும், எங்கள் தெருச் சபைக்குச் சில சென்ட் இடத்தையும் ஒரே அரசு ஒரே சாசனத்தைக் கொண்டு தர முடியும். இரண்டுக்கும் நடுவில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. புதிய குடியிருப்புக்கு லேஅவுட் போடும்போதே, விளையாட்டு மைதானத்துக்கு இடம் ஒதுக்குவதுபோல, வழிபாட்டுக்கும் இடுகாட்டுக்கும் குறித்து வைக்கலாம். மனுவுக்கு இத்தனை மாதத்துக்குள் பதில் என்று எழுதி வைக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரலாம், அப்போதுதான் இங்கே கூடும் கல்கத்தா உயர் நீதிமன்ற அமர்வுக்காவது ஒருவர் போக முடியும். தனி இடம் தர வழியில்லாத சிறு சபைகளுக்குச் சமுதாயக் கூடங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தருகிற கூடத்தை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தருவதில் யாருக்கு என்ன நஷ்டம்? வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கேட்டாலும் அதே வாடகை, அதே ரசீது. கேட்பவர் மதத்தைப் பார்த்து விதி மாறக் கூடாது, கார் நிக்கோபார் கேப்டனைப் போல நிபந்தனையை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

அந்த அக்காவின் சபை இப்போது மறுபடியும் மனுப் போட்டிருக்கிறது. இந்த முறை கூடவே இன்னொரு தாளும் போனது. இவர்கள் கூடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இவர்களுக்கு இடம் தர வேண்டும் என்று தெருக்காரர்கள் எழுதிய தாள். எழுதிக் கொடுத்தது நான். எங்கள் அம்மன் கோயில் கமிட்டியின் பொருளாளர் முதல் கையெழுத்துப் போட்டார். எதிர் வீட்டு மலையாள பாய் தன் வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டுப் போட வைத்தார். இரண்டு வீடுகளில் மாட்டேன் என்றார்கள், அவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் சபையாரோடு நானும் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.